கொடுத்த கை

கெட்ட மனிதன் செய்த நல்ல காரியத்தை நாம் என்ன செய்வது? வைத்துக்கொள்வதா, வேண்டாம் என்று தள்ளிவிடுவதா?

கேள்வி பழசு. பதிலும் நம்மிடம் தயாராக இருக்கிறது: அன்னப்பறவை மாதிரி பாலை எடுத்துக்கொண்டு நீரை விட்டுவிடு என்பார்கள். அன்னத்துக்கு அது சுலபம். பாலும் நீரும் வேறு வேறு பொருள்கள், ஏதோ கைத்தவறுதலாகக் கலந்துவிட்டன, பிரித்தால் பிரிந்துவிடும். ஆனால் எந்த நினைப்பு அந்த நன்மையைச் செய்ததோ, அதே நினைப்புத்தான் தீமையையும் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அன்னம் எங்கே அலகை வைக்கும்?

இந்த விவகாரம் எனக்குப் புத்தகத்தில் வந்து சேரவில்லை, சாலையில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே, சிநேகிதர்கள் மூவரோடு மோட்டார் சைக்கிளில் பிரயாணம் போனேன். நால்வருக்கு மூன்று வண்டிகள். எனக்கு அந்தத் தேசத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. ஆகையால் பின் ஸீட். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஓட்டுகிறவன் வளைவையும் சரளைக் கல்லையும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் இருப்பவனுக்கு ஊர் முழுவதும் பார்க்கக் கிடைக்கிறது. நண்பர்களின் பெயர்கள் வேண்டாம். அச்சில் வருவதை அவர்கள் விரும்பமாட்டார்கள். ஒருவர் எஞ்சினீயர், இன்னொருவர் ஒரு கல்லூரியில் ரஸாயனம் போதிக்கிறவர், மூன்றாமவருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. நால்வருமே தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். அந்தத் தேசத்தில் கால் நூற்றாண்டு இருந்தும், கோபம் வந்தால் தஞ்சாவூர்த் தமிழ்தான் வருகிறது அவர்களுக்கு.

கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி, ஒன்றாம் எண் சாலையைப் பிடித்தோம். இடது கைப்பக்கம் பஸிபிக் சமுத்திரம். வலது கைப்பக்கம் மலை. நடுவே, யாரோ வேண்டாவெறுப்பாக விட்டுக் கொடுத்தது போல் ஒரு சாலை. ஜூலை மாதம். நம் ஊரில் கத்திரி முடிந்தும் வெயில் விடாமல் இருக்கிற காலம். அங்கே பல் கிட்டுகிற குளிர். கடலிலிருந்து மூடுபனி எழுந்து வந்து மலைமேல் ஏறிக்கொண்டே இருக்கிறது. எஞ்சினீயருக்கு அந்தப் பனியின் மேல் ஓயாத ஆத்திரம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அலுத்துப் போனார். அந்தப் பனிதான் அங்கே பெரிய மனிதர் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் பார்க்கப் போன மரங்கள் மழையில்லாத கோடைக்காலத்தைக் கழிப்பதே அந்தப் பனியை இலையில் வாங்கிச் சொட்டுச் சொட்டாக வேருக்கு விட்டுத்தான்.

ரெட்வுட் என்பது அந்த மரத்தின் பெயர். செம்மரம் என்று தமிழ்ப்படுத்திவிட எனக்கு ஆசைதான். ஆனால் நம் பக்கத்தில் செம்மரம் என்றால் வேறு சரக்கு, போலீஸும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வரும். ஆகவே ரெட்வுட் என்றே வைத்துக்கொள்வோம். லெக்கெட் என்கிற சிற்றூரில் ஒன்றாம் எண் சாலை முடிந்து 101-ஆம் எண் சாலையில் கலக்கிறது. அதற்குச் சற்று வடக்கே, பழைய சாலை ஒன்று பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்து 31 மைல் தூரம் அந்த மரங்களுக்கு இடையிலேயே போகிறது. ‘ராட்சதர்களின் வீதி’ என்று பெயர். உள்ளே நுழைந்ததும் எங்கள் வண்டிகளின் சத்தமே மாறிவிட்டது. கோவிலுக்குள் பேசினால் நம் குரல் நமக்கே எப்படி அந்நியமாகக் கேட்கும், அப்படி.

முன்னூறு அடிக்கு மேல் உயரும் மரம். அதன் விதை தக்காளி விதையளவுதான் இருக்கும். சில மரங்கள் இரண்டாயிரம் வருஷத்தையும் தாண்டி நிற்கின்றன. அவ்வளவு உயரத்துக்கு ஆணிவேர் பாதாளம் வரை போயிருக்கும் என்று நினைப்போம், கிடையாது. வேர் ஆழமாகப் போவதில்லை. பக்கவாட்டில் நூறு அடி வரையில் ஓடி, அடுத்த மரத்தின் வேரோடு கை கோத்துக்கொள்கிறது. ஓர் அடிப் பருமன் வரையில் பட்டை இருக்கக்கூடும் என்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் தேங்காய் மட்டை மாதிரி இருக்கிறது. தீ பிடித்தாலும் சுலபத்தில் உள்ளே இறங்காது. அந்தப் பட்டை எதற்கும் அஞ்சவில்லை, ரம்பம் ஒன்றைத் தவிர. ஆதியில் ஏறக்குறைய இருபது லட்சம் ஏக்கரில் நின்ற முதுகாடு, இன்று நூற்றுக்கு ஐந்து பங்குதான் மிச்சம்.

அந்த ஐந்து பங்கு எப்படி மிஞ்சிற்று என்பதில்தான் நம்முடைய கேள்வி இருக்கிறது.

1917-ல் மூன்று கனவான்கள் அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போனார்கள். இரண்டாயிரம் வருஷத்து மரங்களை வெட்டித் திராட்சைத் தோட்டத்துக்கு முளைக்குச்சியும், ரயில் பாதைக்குக் கட்டையும் அறுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு பதறினார்கள். மறு வருஷமே ரெட்வுட் மரங்களைக் காக்க ஒரு சங்கம் ஏற்பட்டது. பணம் திரட்டி, காட்டைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கி, சர்க்காரின் பொறுப்பில் விட்டார்கள். எண்ணெய்ப் பணத்தில் கொழித்த ராக்ஃபெல்லர் குடும்பத்து இளையவர் கொடுத்த தொகையால் மாத்திரம் சுமார் பத்தாயிரம் ஏக்கர் பிழைத்தது. (பெட்ரோல் எரித்துக்கொண்டு அதைப் பார்க்கப் போன நாங்கள் இதைப் பற்றி வாய் திறக்க லாயக்கில்லை.) அந்த மூவரின் ஞாபகமாக ஒரு தோப்பும், அதில் ஏறத்தாழ 346 அடி உயரமுள்ள ஒரு மரமும் இருக்கின்றன. மூவரில் ஒருவர் மாடிஸன் கிரான்ட்.

நியூயார்க்கில் பெரிய இடத்துப் பிள்ளை, வக்கீலுக்குப் படித்தவர், 1865-ல் பிறந்து 1937-ல் காலமானார். காட்டெருமை பூண்டற்றுப் போகாமல் காத்தவர்களில் ஒருவர். இதே மனிதர்தான் 1916-ல் ஒரு புத்தகம் எழுதினார். வட ஐரோப்பிய வெள்ளை இனம் ஒன்றே உயர்ந்தது, மற்ற ஜனங்கள் வந்து கலந்து அதைக் கெடுக்கிறார்கள், தாழ்ந்தவர்கள் பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1925-ல் அது ஜெர்மன் மொழிக்குப் போயிற்று. அதன் பிறகு ஜெர்மனியில் என்ன நடந்தது என்பது தெரிந்ததே. யுத்தம் முடிந்து நூரம்பர்க்கில் நாஜி டாக்டர்களை விசாரித்தபோது, பிரதிவாதித் தரப்பே இந்தப் புத்தகத்தை எடுத்துக் காட்டிற்று: ‘இதை நாங்கள் மட்டுமா சொன்னோம்?’ என்கிற பாவனையில்.

இன்னொன்றும் உண்டு. 1906-ல் நியூயார்க் மிருகக்காட்சிச் சாலையில், காங்கோ தேசத்து இளைஞர் ஒருவரைக் குரங்குகள் இருந்த கட்டடத்தில் வைத்து ஜனங்களுக்குக் காட்டினார்கள். ஓட்டா பெங்கா என்று பெயர். அந்தச் சாலையை நடத்திய ஸ்தாபனத்தின் காரியதரிசி கிரான்ட். கறுப்பு இனத்துப் பாதிரிமார்கள் கூடிக் கண்டித்த பிறகே அவரை வெளியே விட்டார்கள். ஊர் திரும்ப வழியில்லாமல், 1916-ல், அதாவது கிரான்ட்டின் புத்தகம் வெளியான அதே வருஷத்தில், அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார்.

இவ்வளவையும் எங்களுக்குச் சொன்னவர் எக்ஸ்ரே நண்பர். எதையும் உள்ளே வரைக்கும் பார்த்துவிடுகிற தொழில்! அந்த மரத்தின் அடியில், தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார். எஞ்சினீயருக்கு முகம் சுண்டிவிட்டது.

“இவ்வளவு தூரம் வந்த இடத்திலே இதெல்லாம் எதுக்குடா? மரத்துக்குத் தெரியுமா, யார் காப்பாத்தினான்னு?”

“மரத்துக்குத் தெரிய வேண்டாம். நமக்குத் தெரியணுமே” என்றார் புரொபஸர். “இந்த ஆள் மட்டும் நினைச்சபடி நடந்திருந்தா நாம இங்கே வந்திருக்கவே முடியாது.”

அது அலங்காரப் பேச்சு அல்ல. 1917-ல் வந்த ஒரு சட்டம், இந்தியா உள்படப் பெரும்பகுதி ஆசியாவிலிருந்து குடியேற யாரும் வரக்கூடாது என்று கதவைச் சாத்திற்று. 1923-ல், அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்த பகத்சிங் திந்த் என்ற சீக்கியருக்கு, வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் பிரஜா உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. 1924-ல் இன்னும் கடுமையான சட்டம். அதற்காகப் பாடுபட்டவர்களில் கிரான்ட் முக்கியமானவர். 1946-ல் வருஷத்துக்கு நூறு இந்தியர் வரலாம் என்று கொஞ்சம் திறந்தார்கள். 1965-ல்தான் கதவு சரியாகத் திறந்தது. மரத்தை எங்களுக்கு வைத்துவிட்டுப் போனவரும், எங்களை மரத்தண்டை வரவிடாமல் தடுக்கப் பார்த்தவரும் ஒரே ஆசாமி.

‘மனிதனுக்கு ரெண்டு குணம், அவ்வளவுதானே’ என்று விட்டுவிடலாம் என்றால், அதற்கும் இடமில்லை. கிரான்ட்டின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருப்பது வேறு. அவருக்கு ரெட்வுட்டும், காட்டெருமையும், அவர் மனத்தில் இருந்த வெள்ளை ஜாதியும் ஒரே வரிசை. பழமையான, உயர்ந்த, அருகிப்போகிற வம்சங்கள். பெருகி வருகிற சில்லறைக் கூட்டத்திலிருந்து காக்கப்பட வேண்டியவை. காட்டின் மேல் வைத்த பிரியமும் மனிதர்கள் மேல் வைத்த வெறுப்பும் ஒரே மடியில் சுரந்தவை.

கலிபோர்னியா சர்க்கார், வடக்கே பிரெய்ரி க்ரீக் காட்டில் கிரான்ட்டுக்கு வைத்திருந்த நினைவுக் கல்லை 2021-ல் எடுத்துவிட்டது. எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். கல் நாட்டுவது ஒருவருக்குச் செய்கிற மரியாதை. அந்த மரியாதைக்கு அவர் உரியவர் அல்லர். ஆனால் கல்லை எடுப்பதோடு கதையையும் எடுத்துவிடுவோமானால், நல்லவை எல்லாம் நல்லவர்களால்தான் காக்கப்பட்டன என்று நம் பிள்ளைகள் நம்பத் தொடங்குவார்கள். அதைப் போல் ஆபத்தான நம்பிக்கை வேறு இல்லை. அப்புறம், எதையேனும் காக்கிறேன் என்று வருகிறவனை எல்லாம் நல்லவன் என்று எண்ணிக் கதவைத் திறந்துவிடுவார்கள்.

வேறு ஆளைத் தேடிப் பிடிக்கவும் வழியிருக்கிறது. கிரான்ட்டும் அவர் நண்பர்களும் மட்டுமா காத்தார்கள்? அந்தப் பகுதி ஸ்திரீகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து நடத்தினார்கள். அதன் தலைவி லாரா மஹான். (எழுத்துக் கூட்டினால் அப்படித்தான் வருகிறது, நம் காதுக்கு எவ்வளவு பொருத்தம்!) 1924-ல், நாங்கள் நின்ற அந்தத் தோப்புக்குப் பக்கத்திலேயே ரகசியமாக வெட்டுத் தொடங்கியதை அவரும் அவர் கணவரும் கண்டுபிடித்து, ஊரைக் கூட்டித் தடுத்து நிறுத்தினார்கள். அவர்களுக்கும் வெகு முன்னால், யூரோக், வியாட் முதலான பூர்வகுடிகள் விழுந்த மரத்தைப் பிளந்து வீடும் ஓடமும் செய்துகொண்டு, காட்டைக் காடாகவே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நடந்ததைக் கேட்டால் சோறு இறங்காது. 1860-ல், யுரேகா ஊரை ஒட்டிய தீவில், திருவிழா முடிந்து கிடந்த வியாட் பெண்களையும் குழந்தைகளையும் இரவோடு இரவாகக் கோடாலியால் வெட்டினார்கள். அந்தத் தீவை 2019-ல்தான் நகரசபை அந்த மக்களிடம் திருப்பிக் கொடுத்தது.

இவர்களுக்கு நன்றி சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நமக்குப் பிடித்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்பதால் பிடிக்காத ஆள் செய்தது இல்லாமல் போய்விடாது. கணக்கில் அவர் பெயர் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

“எங்க ஊரிலே ஒரு குளம்” என்று ஆரம்பித்தார் எக்ஸ்ரே நண்பர். அவர் சேரியில் பிறந்து வளர்ந்தவர். அதை அவர் மறைத்ததும் இல்லை, விளம்பரப்படுத்தியதும் இல்லை. “ஒரு மிராசுதார் வெட்டினது. நாலு பக்கமும் கருங்கல் படித்துறை. எங்க தாத்தா அதுக்கு மண் சுமந்தவர். தண்ணி வந்தப்புறம் அவர் அதிலே காலை வைக்கக் கூடாது. எங்க அப்பா காலத்திலே சண்டை, கேஸு, எல்லாம் ஆச்சு. நான் அதிலேதான் நீச்சல் கத்துக்கிட்டேன். மிராசுதாருக்கு நான் நன்றி சொல்லணுமா?”

நாங்கள் பேசவில்லை.

“சொல்லமாட்டேன். ஆனா தண்ணி நல்ல தண்ணி.”

இந்த இரண்டு வார்த்தையில் இருக்கிற தெளிவு, நம்முடைய இதிகாச புருஷர்கள் பலருக்குக் கிட்டவில்லை என்று எனக்குப் படுகிறது. அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் தர்மோபதேசம் செய்யும்போது பாஞ்சாலி சிரித்துவிட்டாள் என்று கதாகாலட்சேபத்தில் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? ‘சபையில் என் துகிலை உரிந்தபோது இந்தத் தர்மம் எங்கே போயிற்று?’ என்று கேட்டாளாம். ‘துரியோதனன் சோற்றில் ஊறிய ரத்தம் அம்மா, அது வழிந்து போன பிறகுதான் புத்தி தெளிந்தது’ என்றாராம் கிழவர். கர்ணனும் அப்படியே. செஞ்சோற்றுக்கடன் என்று நாம் உருகுகிறோம். எனக்கு அந்த உருக்கத்தில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. வாங்கிய சோற்றுக்கு நன்றி வேறு. சோறு போட்டவன் செய்கிற அக்கிரமத்துக்குத் துணை நிற்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், உலகத்தில் உள்ள பணக்கார அயோக்கியர்களுக்கு எல்லாம் அதைவிட லாபகரமான தர்மம் கிடையாது. ஆஸ்பத்திரி ஒன்று கட்டிவிட்டால் போதும்!

கிரான்ட் விஷயத்தில் இன்னும் ஒரு முடிச்சு இருக்கிறது. துரியோதனனாவது கர்ணனை அழைத்து இலை போட்டான். கிரான்ட் எங்களை அழைக்கவே இல்லை. தம் ஜாதிக்காரர்கள் கண் குளிரப் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் காத்தார். அது எங்கள் கைக்கு வந்தது அவருடைய விருப்பத்தால் அன்று. அவருடைய விருப்பம் தோற்றதால். அவர் கொண்டுவந்த சட்டங்களைப் பிற்பாடு மற்றவர்கள் மாற்றினார்கள். மரம் நின்றதற்கு அவரும் ஒரு காரணம். நாங்கள் அதன் அடியில் நின்றதற்கு அவருக்கு எதிராகப் போராடியவர்கள் காரணம். ஒருவன் தனக்கென்று வைத்ததை, அவன் விருப்பத்துக்கு மாறாக நாம் பெற்றால், அதற்குப் பெயர் தானம் அல்ல. அவகாசம் என்று வேண்டுமானால் சொல்லலாம். பாகப்பிரிவினையில் வருகிற சொத்துக்கு யாரும் நன்றி சொல்லி அழுவதில்லை. வரி கட்டி, வேலி அடைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

இப்படி நான் மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதி முடிக்கிற சமயத்தில், ஒரு பஸ் வந்து நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஐம்பது பேருக்குக் குறையாது. ஒரே கூச்சல். விழுந்து கிடந்த ஒரு பிரும்மாண்டமான மரத்தின் பக்கம் எல்லோரும் ஓடினார்கள். டையர்வில் ராட்சதன் என்று பெயர். 360 அடிக்கு மேல் இருந்த மரம். 1991 மார்ச்சில் சாய்ந்தது. அந்தச் சத்தத்தை ரயில் கவிழ்ந்த சத்தம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். வேர்ப்பகுதியே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. பிள்ளைகள் அதன் ஓரமெல்லாம் ஏறிப் பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சே!” என்றார் புரொபஸர். “இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் எல்லாரையும் விடவே கூடாது.”

எக்ஸ்ரே நண்பர் அவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, சபையில் அறிமுகம் செய்கிற மாதிரி, “மிஸ்டர் மாடிஸன் கிரான்ட்!” என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் பிள்ளைகளே திரும்பிப் பார்த்தார்கள். புரொபஸரும் சிரித்தார், சற்றுத் தாமதமாக. அவர் நல்ல மனுஷர். எந்த ஜாதியையும் இழிவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் வாயில் வந்தது வந்ததுதான். அரிதான பொருளின் மேல் பிரியம் வைக்கிற எவனுக்கும், அதன் கூடவே, கூட்டத்தின் மேல் ஓர் எரிச்சல் முளைத்துவிடுகிறது. சங்கீத சபையில் அதைப் பார்த்திருக்கிறேன், கோவிலில் பார்த்திருக்கிறேன், தமிழைக் காக்கக் கிளம்பியவர்கள் சிலர், பக்கத்து ஊரான் பேசுகிற தமிழைக் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள், அவர்களிடமும் பார்த்திருக்கிறேன். எரிச்சல் எல்லாருக்கும் வருகிறது. அதைச் சட்டமாக்குகிற செல்வாக்கு எல்லாருக்கும் இருப்பதில்லை. நம்மில் பலர் நல்லவர்களாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நாங்கள் காட்டுக்குள் மூன்று வண்டிகளும் உறும நுழைந்தபோது, சாலையோரம் நடந்து கொண்டிருந்த ஒரு கிழவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் இதே வாக்கியம் எழுதியிருந்தது.

அதற்காக, கூட்டம் போய் மிதித்தாலும் மிதிக்கட்டும் என்று விட்டுவிட முடியுமா? முடியாது. உலகத்திலேயே உயரமான மரம் என்று 2006-ல் கண்டுபிடித்த ஒரு ரெட்வுட்டைத் தேடித் தேடிப் போனவர்கள் அதன் அடியில் இருந்த பெரணிச் செடிகளை மிதித்தே அழித்துவிட்டார்கள். கடைசியில் அந்த இடத்துக்குள் போனால் அபராதமும் சிறையும் என்று 2022-ல் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆழமில்லாத வேர், மண் இறுகினால் மரத்துக்கு மூச்சு முட்டும். வேலி வேண்டியிருக்கிறது. கிரான்ட்டின் வேலி ஆளைப் பார்த்து நிறுத்தியது. இந்த வேலி காலைப் பார்த்து நிறுத்துகிறது, எல்லார் காலையும். வித்தியாசம் பெரிதுதான். வேலிக்கு இந்தப்புறம் நின்றுகொண்டிருக்கிறவனுக்கு அது உடனே தெரிந்துவிடும் என்று மட்டும் சொல்ல முடியாது.

இரவு யுரேகாவில் தங்கினோம். துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும். நாள் முழுவதும் பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்ததில் என் இடுப்பு என்னுடையதாக இல்லை. எஞ்சினீயர் மறுநாள் பாதையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, மைல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே விரிகுடாவில் விளக்குகள்; அந்தப் பக்கம் இருட்டில் அந்தத் தீவு.

எனக்குக் குளத்தின் ஞாபகம் போகவில்லை. எக்ஸ்ரே நண்பரைக் கேட்டேன்:

“அந்தக் குளம் இப்ப எப்படி இருக்கு? போன வருஷம் ஊருக்குப் போயிருந்தியே!”

அவர் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

“குளமா? தூர்ந்து போச்சு. பாதியிலே பஸ் ஸ்டாண்டு கட்டியிருக்காங்க. மீதியிலே குப்பை கொட்டுறாங்க.”

“யாரும் கேக்கலையா?”

“யாரு கேப்பா? இப்பத்தான் அது எல்லாருக்கும் பொதுவாச்சே!”